பெட்டியை மாற்றுவதா, கம்பெனியை மாற்றுவதா? தூத்துக்குடி வீடு ஒன்றின் டிஷ் கதை

"ஐயா, டிவியில பாதிச் சேனல் வர மாட்டேங்கு. கம்பெனியில கேட்டா பெட்டி பழசாயிட்டாம், புதுசு மாட்டணுமாம். மாமா என்னன்னா வேற கம்பெனிக்கே மாறிருவோம்ங்காவ. நீ ஒரு வார்த்த சொல்லு."

2025 ஆகஸ்டில் அத்தையிடமிருந்து வந்த போன் இது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் நாலு நாள் தூத்துக்குடியில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் போயிற்று. என்ன பார்த்தோம், எவ்வளவு செலவானது, என் கணக்கு எங்கே பிசகியது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். கம்பெனியின் பெயரை மட்டும் எழுதவில்லை. எந்தக் கம்பெனியின் பெட்டி வைத்திருந்தாலும் இதே கதை நடந்திருக்கும்.

வீட்டு நிலவரம் முதலில். மாமாவுக்கு 74 வயது, அத்தைக்கு 68. டிவி 32 இன்ச். டிவியோடு இணைக்கும் செட்-டாப் பெட்டி 2013-ல் வாங்கிய எஸ்டி பெட்டி, அதாவது எச்டி என்கிற உயர்தெளிவுப் படம் காட்டாத பழைய ரகம். டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தும், பெட்டியில் அது இல்லாததால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான். மாதம் 412 ரூபாய் ரீசார்ஜ். உப்பளம் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தக் காற்றில் சைக்கிள் செயினே இரண்டு வருடம் தாங்காது, மாடியில் டிஷ் மட்டும் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

கோளாறு என்னவென்றால் சில சேனல்கள் பளிச்சென்று வந்தன, சிலவற்றில் எப்போது போட்டாலும் 'சிக்னல் இல்லை'. மழை இல்லை, மேகம்கூட இல்லை. வராத சேனல்களின் பட்டியல் தினமும் ஒன்றேதான். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு மாமா மூன்று முறை பேசியிருக்கிறார். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்க பாக்ஸ் பழைய மாடல் சார், எச்டிக்கு அப்கிரேட் பண்ணிக்கோங்க." பெட்டி கெட்டால் எல்லாச் சேனலும்தானே கெட வேண்டும், பாதி மட்டும் எப்படிக் கெடும் என்பது என் சந்தேகம்.

இந்த இடத்தில் டிஷ் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் இரண்டு விதமாக அலையை அனுப்புகிறது, ஒன்று நெடுக்குவாட்டில், இன்னொன்று குறுக்குவாட்டில். சேனல்களைப் பாதிப் பாதியாக இந்த இரண்டிலும் ஏற்றிவிடுவார்கள். டிஷ்ஷின் மூக்கில் துருத்திக்கொண்டிருக்கும் எல்என்பி ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். எதைப் பிடிப்பது என்று கீழே இருக்கும் பெட்டி அதே கேபிள் வழியாக மின்னழுத்தம் அனுப்பிச் சொல்கிறது. 13 வோல்ட் போனால் நெடுக்கு, 18 வோல்ட் போனால் குறுக்கு. ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மாடியில் நடப்பது இதுதான்.

கேபிளில் எங்காவது துருவோ களிம்போ பிடித்தால் வழியிலேயே வோல்ட் குறையும். 13 கொஞ்சம் குறைந்தாலும் எல்என்பி அதை நெடுக்கு என்றுதான் எடுத்துக்கொள்ளும். 18 என்பது 14 ஆகிவிட்டால் எல்என்பி அதை 13 என்று எடுத்துக்கொண்டு நெடுக்கிலேயே நின்றுவிடும். குறுக்கு அலையில் ஏறிய சேனல் எதுவும் வராது. அத்தை சொன்ன 'பாதிச் சேனல்' இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தியது.

பொருந்தினால் போதுமா, பார்க்க வேண்டுமே. உள்ளூரில் டிஷ் மாட்டும் தம்பி ஒருவரை வரச் சொன்னோம். கம்பெனி ஆள் இல்லை, எல்லாக் கம்பெனி டிஷ்ஷும் மாட்டுகிறவர். வந்தவர் பெட்டியைத் தொடவே இல்லை. ரிமோட்டை வாங்கி மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தார். ஸ்ட்ரெங்த் (சிக்னலின் பலம்) 81, குவாலிட்டி (சிக்னலின் சுத்தம்) 34. "ஸ்ட்ரெங்த்தப் பாத்து ஏமாறாதீய அண்ணாச்சி, அது எப்பவும் நல்லாத்தான் காட்டும். குவாலிட்டிதான் விசயம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, கேபிளின் நடுவே ஒரு இணைப்பு. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றியிருந்தார்கள். மாமாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு போட்ட ஒட்டு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் இவர்கள் மாடித் தகரக்கூரை பிய்ந்து கேபிளை அறுத்துவிட்டதாம். தம்பி டேப்பைப் பிரித்தார். உள்ளே ஈரம். கேபிளின் வலைக்கம்பி கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. நடுவில் பளபளவென்று இருக்க வேண்டிய கம்பி, புளி போட்டுத் துலக்காத செப்புக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. கீழே டிவியில் வராத சேனல் ஒன்றைப் போடச் சொல்லி, எல்என்பி முனையில் மல்டிமீட்டரை வைத்தார். 14.1 வோல்ட்.

"பெட்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார்.

முழுக் கேபிளையும் மாற்றினோம். 22 மீட்டர் ஆர்ஜி-6 ரகக் கேபிள், மீட்டர் 20 ரூபாய் வீதம் 440. திருகு கனெக்டர் நாலு, 60. எல்என்பியின் மூடி வெயிலில் வெடித்திருந்ததால் அதுவும் புதிது, 350. கூலி 400. மொத்தம் 1,250 ரூபாய். நடுவில் ஒட்டு வேண்டாம், மாடியிலிருந்து டிவி வரை ஒரே துண்டாக வர வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்என்பிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு வளைத்துவிட்டார் தம்பி, மழைத் தண்ணீர் வழிந்து கனெக்டருக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிப் போகட்டும் என்று. குவாலிட்டி 78-க்கு ஏறியது. எல்லாச் சேனலும் வந்துவிட்டன.

கோளாறு தீர்ந்துவிட்டது, கேள்வி தீரவில்லை. மாமாவுக்கு மாறும் ஆசை இன்னும் போகவில்லை. 412 ரூபாய் அதிகம் என்பது அவர் கட்சி. படமும் சுமார்தான் என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய பெட்டி உதவாது. ஒவ்வொரு கம்பெனியும் சிக்னலைத் தன் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறது, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பயன்பட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது, அது இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. டிஷ் தட்டு மட்டும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், திருப்பி வைத்தால் போதும். ஆனாலும் புது இணைப்பு என்றால் புதுத் தட்டையும் சேர்த்தே தலையில் கட்டுவார்கள். அதனால்தான் நம் ஊர் மாடிகளில் இரண்டு மூன்று அனாதை டிஷ் கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் ஒன்றைக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சுகளை மூடி வைத்திருக்கிறார்கள், இன்னொன்றில் வடகம் காய்கிறது.

நாங்கள் விசாரித்த இடத்தில் எச்டி பெட்டியோடு புது இணைப்புக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள். அது பெரிய தொகை இல்லை. இடைஞ்சல் வேறு இடத்திலிருந்து வந்தது, பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து.

செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஆளுக்கொரு இடத்தில் நிற்கின்றன. தீர்க்கரேகைக் கணக்கில் டாடா பிளேக்கு 83 டிகிரி கிழக்கு, டிஷ் டிவிக்கு 95, ஏர்டெல்லுக்கு 108.2. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் 83-ல் இருப்பது ஏறத்தாழ தலைக்கு மேலே, 78 டிகிரி உயரத்தில். 108.2-ல் இருப்பது கிழக்கே சரிந்து 54 டிகிரியில். டிஷ் தட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தட்டு அடிவானத்தைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிற மாதிரிதான் தோன்றும், அது உண்மையில் பார்ப்பது அதைவிட 20 டிகிரிக்கும் மேல் உயரமான இடத்தை. தென்னை எங்கள் மாடியின் கிழக்கு ஓரத்திலிருந்து 15 அடி தள்ளி நிற்கிறது, மாடி மட்டத்துக்கு மேல் 30 அடி உயரம். 54 டிகிரியில் பார்க்கும் டிஷ்ஷுக்கு 22 அடிக்குள் இருக்கும் 30 அடி மரம் குறுக்கே நிற்கும். உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களுக்கு அந்த மட்டை எட்டாது. எங்கள் பழைய டிஷ் உயரத்தைப் பார்ப்பது, அதனால் தென்னையைப் பற்றி அதுவரை யாரும் நினைத்ததே இல்லை.

டிஷ்ஷை மேற்குப் பக்கம் தள்ளி வைத்தால் மரம் மறைக்காது, கேபிள் இன்னும் பத்து மீட்டர் நீளும். முடியாத காரியம் இல்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து மாறுகிறவர்கள் முதலில் மாடியில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. தம்பி இன்னொன்றும் சொன்னார். 2010 ஜூலையில், சன் டைரக்ட் கம்பெனியின் சேனல்களை அனுப்பிக்கொண்டிருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு வந்து, அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் பாதி அணைந்ததும் அந்தக் கம்பெனி 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3-க்கு மாற வேண்டியதாயிற்று. 93.5-லிருந்து 91.5-க்கு வெறும் இரண்டு டிகிரி. அந்த இரண்டு டிகிரிக்காக மாடி மாடியாக ஏறி இறங்கியதாக அவருடைய முதலாளி இன்னும் சொல்வாராம்.

மற்ற வழிகளையும் ஒரு பார்வை பார்த்தோம். அரசு கேபிள் 2011 செப்டம்பரில் 70 ரூபாய்க்கு வந்தபோதே மாமா போகவில்லை. அதற்கு முன்பு தெருக் கேபிளில் பட்ட அனுபவம். ஃபைபர் இணைப்பும் ஆப்பும் போடலாம்தான், ஆனால் இரண்டு ரிமோட் என்றதுமே அத்தை எழுந்து போய்விட்டார். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் பற்றி மட்டும் மாமா நிறையக் கேட்டார். 2004 டிசம்பரில் தொடங்கியது, பெட்டி ஒரு முறை வாங்கினால் சரி, மாதக் கட்டணமே கிடையாது. இந்தியா ஆடும் முக்கியமான கிரிக்கெட் அதில் இலவசமாக வருகிறது, காசு கட்டுகிற நமக்கு ஏன் தூர்தர்ஷனில் அது தெரிவதில்லை என்பது அவருடைய நெடுநாள் ஆத்திரம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. தேச முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்ததைத் தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், தனியார் டிஷ்ஷிலும் கேபிளிலும் போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமா இதைக் கேட்டு அரை மனதாகச் சமாதானமானார். அத்தையின் சீரியல் சேனல்கள் கட்டணச் சேனல்கள், ஃப்ரீ டிஷ்ஷில் வராது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் அந்த 412.

டிவி ஸ்டாண்டில் ஒரு பேனாவும், கிழித்த தினசரி காலண்டர் தாள்களும் வைத்தோம். எந்தச் சேனல் பார்த்தாலும் தாளின் பின்பக்கம் பெயரை எழுத வேண்டும், இரண்டு வாரத்துக்கு. அத்தை ஒழுங்காக எழுதினார், மாமா அவ்வப்போது எழுதினார். கூட்டிப் பார்த்தால் ஒன்பது சேனல். அதில் நாலு இலவசச் சேனல், புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் அந்த வகை. பேக்கில் இருந்தவையோ அறுபதுக்கு மேல் கட்டணச் சேனல்.

இது எப்படி வந்தது என்று தோண்டினால் 2019-க்குப் போகிறது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. மாதம் 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153.40. அது சேனலுக்குக் கொடுக்கும் காசு இல்லை, சேனல் வந்து சேரும் பாதைக்கு வாடகை. முதலில் அந்த 130-க்கு 100 சேனல் என்று இருந்தது, 2020-ல் 200 ஆக்கினார்கள். 2024-ல் அந்த 130 என்ற உச்ச வரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது கம்பெனிகள் தாமே தொகை வைத்துக்கொள்ளலாம். கட்டணச் சேனலுக்கு அதற்கு மேல் தனித்தனியாகவோ கட்டாகவோ விலை. அந்த 2019-ல் எல்லாரும் குழம்பிப் போய்க் கடைக்காரரிடம் "எல்லாத்தையும் போட்டுரு" என்று சொன்னவர்களில் மாமாவும் ஒருவர். கோடை விடுமுறைக்குப் பேரன் வந்தபோது கார்ட்டூன் கட்டு ஒன்றும் சேர்ந்தது. அந்தப் பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மாமா ஆறு வருடமாகக் கார்ட்டூனுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்.

வேண்டாததை எடுத்ததும் மாதம் 271 ரூபாய். 141 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 1,692. கம்பெனி மாறினால் மிச்சமாகும் என்று மாமா நினைத்த தொகையைவிட இது கூடுதல். ஆப்பில் செய்ய முயன்றபோது எடுத்த கட்டைத் திரும்பத் திரும்பச் சேர்த்தது. கடைசியில் போனில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுக்க வைத்தோம், முக்கால் மணி நேரம்.

படம் சுமார் என்ற புகாரில் பாதி, ஒரு செட்டிங்கில் தீர்ந்தது. பெட்டி பழைய சதுர டிவிக்கான 4:3-ல் இருந்தது, டிவி அதை அகலமாக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 16:9 என்று மாற்றினேன். அன்று இரவு சீரியல் தொடங்கி ஐந்தாவது நிமிடம் அத்தை கேட்டார்: "என்னய்யா, இவ இப்படி இளைச்சுட்டா? ஒடம்புக்கு என்னவாம்?"

மீதிப் பாதி எச்டி. என் கணக்கு பிசகியது இங்கேதான். மாமா டிவியிலிருந்து பத்தடி தள்ளி உட்காருகிறார். நல்ல கண்ணுக்குக்கூட அந்தத் தூரத்தில் 0.9 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் பிரிந்து தெரியாது. 32 இன்ச் டிவியின் உயரம் 40 சென்டிமீட்டர். வகுத்தால் சுமார் 450 கோடு. எஸ்டி படத்திலேயே 576 கோடு இருக்கிறது, எச்டியின் 1,080 கோட்டை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. ஆகவே எச்டி தண்டம் என்று காலண்டர் தாளில் எழுதியே கொடுத்தேன்.

மாமா தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எதிர்வீட்டுக்குக் கிரிக்கெட் பார்க்கப் போனார். அவர்கள் வீட்டிலும் 32 இன்ச், ஆனால் எச்டி பெட்டி. திரும்பி வந்து சொன்னது இரண்டே வார்த்தை: "பந்து தெரியுது."

நானும் போய்ப் பார்த்தேன். தெரியத்தான் செய்தது. கோட்டின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுத்து, ஒரு சேனலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள் என்பதை விட்டுவிட்டேன். எஸ்டி சேனல்களை இறுக்கிப் பிழிந்து அனுப்புகிறார்கள். சீரியலில் ஆள் அசையாமல் நின்று அழும்போது அது தெரியாது. பந்து ஓடும்போது புல்லும் பந்தும் சேர்ந்து கட்டம் கட்டமாகக் குழம்பிவிடும். கூடவே அந்த மஞ்சள் ஒயர் வேறு தன் பங்குக்கு மங்கலாக்கும். ஒரு கண்ணில் புரை அறுவை செய்த 74 வயதுக்காரர் கண்டுபிடித்ததை என் கணக்கு கண்டுபிடிக்கவில்லை.

ஆக, எச்டி பெட்டி வாங்குவது என்று முடிவானது, அதே கம்பெனியில். ஆனால் ஆகஸ்டில் அவர்கள் சொன்னவுடன் வாங்கியிருந்தால் பணம் வீண். எச்டி சேனல்களைப் பெரும்பாலும் அலைவரிசையின் அதே அகலத்துக்குள் அதிகத் தகவல் திணித்து அனுப்புகிறார்கள், அதைப் பிரித்தெடுக்க எஸ்டியைவிடச் சுத்தமான சிக்னல் வேண்டும். குவாலிட்டி 34 இருந்த கேபிளில் புதுப் பெட்டியை மாட்டியிருந்தால் ஓடிக்கொண்டிருந்த பாதிச் சேனலும் திக்கியிருக்கும். அப்போது பெட்டி சரியில்லை என்று இன்னொரு சண்டை நடந்திருக்கும்.

விலை பேசியதும் ஒரு கதைதான். அப்கிரேட் என்று கேட்டபோது 1,499 சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் போட்டு, இணைப்பையே நிறுத்தப் போகிறோம் என்றேன். உடனே வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பேசிய பெண் இணைப்பை நிறுத்த ஏன் நினைக்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்டு, 700 ரூபாய்க்கு அதே பெட்டி என்றார். பொய் சொல்லி வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம், மாமாவுக்கு இல்லை. கட்டண டிஷ் வைத்திருந்த வீடுகள் 2020 வாக்கில் 7 கோடி இருந்தன, இப்போது 6 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டன. போகிறேன் என்கிற வாடிக்கையாளருக்கு இருக்கும் மரியாதை, இருக்கிறேன் என்கிறவருக்கு இல்லை.

எச்டி பேக் எடுக்கவில்லை. எச்டி பெட்டியில் எஸ்டி சேனல்கள் தாராளமாக ஓடும். அத்தையின் சீரியல்கள் எஸ்டியிலேயே, இப்போது எச்டிஎம்ஐ ஒயரில், முன்னைவிடத் தெளிவாகவே இருக்கின்றன. கிரிக்கெட் நடக்கும் மாதங்களில் மட்டும் விளையாட்டுச் சேனல் ஒன்று எச்டியில் சேர்ப்பது, முடிந்ததும் எடுப்பது. விலை 19 ரூபாய் என்றால் வரியோடு 22.42. சேர்க்க மாமாவுக்குத் தெரியும். எடுக்க இன்னும் எனக்குத்தான் போன் வருகிறது.

நவம்பரில் ஒரு ராத்திரி நல்ல மழை. குவாலிட்டி 40 வரை இறங்கியதாகவும், படம் நின்றது பன்னிரண்டு நிமிடம்தான் என்றும் மாமா கைக்கடிகாரம் பார்த்துக் குறித்துச் சொன்னார். கழற்றிப் போட்ட பழைய கேபிளை அத்தை தூக்கிப் போட விடவில்லை. களிம்பு பிடித்த துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து டிஷ் கம்பம் வரை இழுத்துக் கட்டியிருக்கிறார். நான் போன தடவை போனபோது அதில் மாமாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.